ஏழாம் அத்தியாயம்: வான்வழித் தூரமும் பிரயாண நேரமும்

கூடலூரிலிருந்தோ சின்னமனூரிலிருந்தோ ஒரு பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் புறப்படுகிறான் என்றால், வீட்டார் முதலில் கேட்பது, "போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும்?" என்பதுதான். டிக்கெட்டைப் பார்த்தவர் ஒரு கணக்கும், முன்பு போய்வந்தவர் வேறொரு கணக்கும் சொல்வார்கள். இரண்டும் ஒருவகையில் மெய்யாகவே இருந்தபோதிலும், எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது, எத்தனை மணிக்கு அங்கிருந்து வரும் செய்திக்காகக் காத்திருப்பது என்னும் காரியங்களுக்கு அவற்றில் எதுவும் உதவாது. ஆகாயத்தில் கழியும் நேரத்தை விமானக் கம்பெனி சொல்லிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து புறப்படுகிறவனுக்குத் தரையில் கழியும் நேரத்தையும், இரு தேசத்துக் கடிகாரங்களுக்கு இடையிலுள்ள பேதத்தையும் அவனேதான் கணித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகச் செய்து பார்ப்போம். உதாரணத்துக்குச் சிங்கப்பூரையும் துபாயையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கிழக்கே, மற்றொன்று வடமேற்கே இருந்தும், மதுரை விமான நிலையத்திலிருந்து இரண்டும் அநேகமாகச் சம தூரத்தில் அமைந்திருப்பது கற்றுக்கொள்கிறவருக்குப் பெரிய சௌகரியம்.

தேவையான சாமான்கள்

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்று, இழுத்தால் நீளாத கெட்டி நூல், அளவுகோல், பென்சில், காகிதம், வர்க்கமூலம் காணக்கூடிய கணக்குப்பொறி. கைபேசியில் உள்ள கணக்குப்பொறியே போதும்.

தூரம் அளத்தல்: நூல் முறை

1. உருண்டையின் நடுவிலே ஓடும் பூமத்திய ரேகையின்மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையானால் இது சுமார் 94 செ.மீ. வரும். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகையால், இந்த உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ.

2. மதுரை இருக்கும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையைப் போகவேண்டிய ஊருக்குக் கொண்டுபோங்கள். பூகோளத்தில் மதுரை குறிக்கப்பட்டிராவிட்டால், பத்தாவது வடக்கு அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே, 78-ஆவது கிழக்குத் தீர்க்கரேகையின்மேல் ஒரு புள்ளி வையுங்கள்.

3. நூலை விறைப்பாக இழுத்து, அது தானாக எந்த வழியில் படிகிறதோ அந்த வழியிலேயே விடுங்கள். உங்கள் விருப்பத்துக்கு அதை வளைக்காதீர்கள்.

4. இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள நூலை அளந்து, முதற்படியில் கண்ட எண்ணால் பெருக்குங்கள். சிங்கப்பூருக்கு 7 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வரும். அதாவது ஏறத்தாழ 3,000 கி.மீ.

மூன்றாம் படியில்தான் அநேகர் தவறுகிறார்கள். சுவரில் மாட்டிய தேசப்படத்தைப் பார்த்துப் பழகிய கண், மதுரையிலிருந்து கனடாவிலுள்ள டொராண்டோவுக்குப் போகும் வழி அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் சமுத்திரம் என்று நேர் மேற்கே ஓடுவதாக எண்ணிவிடுகிறது. நூலை உருண்டையில் வைத்து இழுத்தால் அது வடக்கே ஏறிவிடும். கஜகஸ்தானையும் ரஷ்யாவின் வடபாகத்தையும் கடந்து, வடதுருவ வட்டத்துக்குள் புகுந்து, கிரீன்லாந்தின் பனிப்பரப்பைத் தாண்டி, வடக்கிலிருந்து கனடாவில் இறங்கும். அதன் நீளம் சுமார் 32 செ.மீ., அதாவது ஏறத்தாழ 13,650 கி.மீ. உருண்டையான பூமியின்மேல் மிகக் குறுகிய வழி இதுவே. தட்டையான படத்தில் அளவுகோல் வைத்து அளந்த தூரத்தை நீண்ட பிரயாணத்துக்கு ஒருபோதும் நம்பாதீர்கள்.

எண்களால் சரிபார்த்தல்

நூலால் அளந்தது கைப்பழக்கத்தைப் பொறுத்துச் சற்றே கூடலாம், குறையலாம். மூவாயிரம், நாலாயிரம் கி.மீ. வரையிலுள்ள தூரங்களைப் பள்ளியில் படித்த பிதாகோரஸ் தேற்றத்தைக் கொண்டே சரிபார்த்துவிடலாம். அட்சரேகையில் ஒரு பாகை எங்கும் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு பாகை பூமத்திய ரேகையில் 111 கி.மீ. ஆக இருந்து, வடக்கே போகப்போகக் குறுகிக்கொண்டே வரும்: 10 பாகையில் 110, 20 பாகையில் 105, 30 பாகையில் 96, 40 பாகையில் 85.

1. இரண்டு ஊர்களின் அட்சரேகைகளையும் தீர்க்கரேகைகளையும் குறியுங்கள். மதுரை விமான நிலையம் 9.83 வடக்கு, 78.09 கிழக்கு. துபாய் 25.25 வடக்கு, 55.36 கிழக்கு.

2. அட்சரேகை வித்தியாசம் 15.42, அதை 111-ஆல் பெருக்க 1,712.

3. தீர்க்கரேகை வித்தியாசம் 22.73, இரண்டு ஊர்களுக்கும் நடுவான அட்சரேகை பதினேழரைப் பாகை ஆதலால் 106-ஆல் பெருக்க 2,409.

4. இரண்டையும் தனித்தனியே வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். விடை ஏறத்தாழ 2,950 கி.மீ.

சிங்கப்பூருக்கு (1.36 வடக்கு, 103.99 கிழக்கு) நீங்களே செய்துபாருங்கள், 3,000-ஐ ஒட்டி வரும். மேலைக் கரைக்கும் கீழைக் கடலுக்கும் நம் கம்பம் பள்ளத்தாக்கு ஏறக்குறைய நடுவே இருக்கிறது என்பதை எண்களே சொல்லக் காணும்போது, இந்த மண்ணின் பிள்ளைகள் இரு திசைகளிலும் பிழைப்புத் தேடிப் போனதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. டொராண்டோ போன்ற மிக நீண்ட தூரங்களுக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது; அங்கே நூலே உத்தமம்.

தூரத்தை நேரமாக்குதல்

ஜெட் விமானம் மேலே ஏறி நிதானப்பட்டபின் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இராது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் நேரம் பிடிக்கும். ஆகவே கி.மீ. கணக்கை 800-ஆல் வகுத்து, வந்த விடையோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு 4 மணி 15 நிமிஷம். துபாய்க்கு 4 மணி 10 நிமிஷம். கம்பெனிகளின் அட்டவணை இதைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும்; தாமதத்துக்கென்று அவர்கள் சேர்த்துக்கொள்ளும் இடைவெளி அது.

குறிப்பு: ஒரே தூரத்துக்குப் போகும்போது ஒரு நேரமும் வரும்போது ஒரு நேரமும் டிக்கெட்டில் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். அது உயரத்துக் காற்றின் வேலை. வடக்கே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசுவதால், கனடாவிலிருந்து திரும்பும் விமானம் போனதைவிட முன்னதாக வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தலைக்கு மேலே, வெகு உயரத்தில், இதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, பி. கோடீஸ்வரம் என்ற இந்திய வானிலை விஞ்ஞானி 1950-களில் அதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். கம்பத்திலே சாரலைக் கொண்டுவந்து கொட்டும் அதே பருவத்தில், கீழே மேல்காற்றும் உச்சியில் கீழ்காற்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவது வியக்கத்தக்க விஷயம்.

ஒரே கடிகாரம்

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் எழுதப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு அதுவே பிரயாண நேரம் என்று கொள்வதுதான் வெகு சாதாரணமான பிழை. மதுரையிலிருந்து காலை 10 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் விமானம் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் மாலை 4:45 காட்டும். துபாய் விமானம் இறங்கும்போது அங்கே பகல் 12:40. ஒன்று ஆறேமுக்கால் மணி நேரமும் மற்றொன்று இரண்டு மணி நாற்பது நிமிஷமும் பறந்ததாகத் தோன்றினாலும், உண்மையில் இரண்டும் பறந்த நேரத்தில் ஐந்து நிமிஷமே வித்தியாசம்.

1. எல்லா நேரங்களையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணி கழிக்க வேண்டும். துபாய் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்ட வேண்டும்.

2. அதன்பிறகே கூட்டல் கழித்தல் செய்யுங்கள்.

3. கடைசியில், அங்கே காத்திருப்பவருக்குச் சொல்வதற்காக மட்டும் அவ்வூர் நேரத்துக்கு மாற்றுங்கள்.

நேர வித்தியாசத்தைத் தீர்க்கரேகையிலிருந்து ஊகிக்காதீர்கள். பாகைக்கு நாலு நிமிஷம் என்று சூரியன் சொல்லும் கணக்கு துபாய்க்குச் சரியாக வந்து, சிங்கப்பூருக்குப் பொய்த்துவிடும்; அங்கே கடிகாரத்தைச் சட்டத்தால் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். 1982 பிறக்கும் வரை நமக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணிதான் வித்தியாசம். அக்காலத்தில் அங்கே வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் இன்னும் அந்தக் கணக்கையே சொல்வதுண்டு. கனடாவின் பெரும்பகுதியும் இங்கிலாந்தும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே நகர்த்துகின்றன; டொராண்டோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். மார்ச்சிலோ அக்டோபர்-நவம்பரிலோ பிரயாணமானால் இதை இருமுறை பாருங்கள்.

ஜாக்கிரதை: நள்ளிரவு விமானம். 15-ஆம் தேதி 00:30 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் 14-ஆம் தேதி மாலையே விமான நிலையத்துக்குப் புறப்பட்டுவிட வேண்டும். பொழுது விடிந்தால்தான் நாள் மாறும் என்பது நம் வீடுகளின் வழக்கம். பஞ்சாங்கத்துக் கிழமை சூரியோதயத்தில் பிறக்கிறது. அந்த வழக்கத்திலேயே ஊறிய மனம், பதினைந்தாம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்புகிறது. விமானமோ முந்தின இரவே போயிருக்கும். இந்தப் பிழையால் விசாவும் வேலையும் தவறிப்போகும் அபாயம் உண்டாதலால், டிக்கெட் கைக்கு வந்தவுடனே அதன் மேலே, "திங்கள் மாலையே கிளம்ப வேண்டும்" என்பதுபோலத் தமிழில், வீட்டில் எல்லாருக்கும் விளங்கும்படி எழுதி வையுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து பின்னோக்கிக் கணித்தல்

பள்ளத்தாக்கிலிருந்து புறப்படுகிறவருக்கு முக்கியமான பகுதி இதுதான். விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்; வீட்டிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுகிறவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்மையறியாமல் நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

1. விமானம் புறப்படும் நேரத்தை எழுதுங்கள்: காலை 10:00.

2. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும்: 7:00. பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். பத்து மணி விமானத்துக்கு ஒன்பது மணி என்பதே உங்கள் கடைசி எல்லை என்று மனத்தில் வையுங்கள்.

3. சாலைப் பிரயாணத்தைக் கழியுங்கள். கம்பத்திலிருந்து உத்தமபாளையம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 120 கி.மீ.; மூன்று மணி வையுங்கள்: 4:00. தேனியிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ.; இரண்டு மணி.

4. வழித் தடைக்கென்று ஒரு மணி கழியுங்கள்: 3:00. இந்த ஒரு மணியை யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது முன்னோக்கி வாருங்கள். இந்திய நேரம் பகல் 2:15-க்குச் சிங்கப்பூரில் இறங்கி, குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி, தங்குமிடம் சேர ஒரு மணி என்றால் 4:15. விடியற்காலை மூன்று மணி முதல் பதின்மூன்றேகால் மணி நேரம் ஆகிறது; அதில் ஆகாயத்தில் கழிந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டாரின் கேள்விக்குச் சொல்லவேண்டிய விடை இந்தப் பதின்மூன்றேகால்தான்.

நாலாம் படியிலே சொன்ன வழித் தடைகள் எவை என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நாட்களில் தேனி–கம்பம் சாலையில் வண்டிகளை மாற்றுவழியில் திருப்பிவிடுவதுண்டு. அதே மாதத்தில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் நகருக்குள் போகவே கூடாது, சுற்றுச்சாலையைப் பிடிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இரவு முழுவதும் ஓடும். உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையிலுள்ள கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றாலும் பின்னால் வரிசை நீண்டுவிடும். விடிவதற்கு முன் அந்த வளைவுகளில் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யுமாகையால், இரவெல்லாம் கண்விழித்த டிரைவரை வைத்துக்கொண்டு புறப்படுவது பெரும் பிசகு. வழியனுப்ப வருகிறவர்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள். ஒவ்வொரு வேன் சேரும்போதும் டீக்கடையில் நிற்கும் நேரமும் சேர்கிறது.

ரயிலில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மீட்டர் பாதையை எடுத்துவிட்டபின் பல வருஷம் ரயிலே இல்லாதிருந்த தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் மாதத்திலும் அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. முந்தின நாளே மதுரை சென்று தங்கிவிடுகிறவருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, அது அலுப்பில்லாத வழி. மதுரைச் சந்திப்பிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 12 கி.மீ. ஆனால் அன்றைக்கே விமானம் ஏற வேண்டியவர் ஒரே ஒரு ரயிலை நம்பிக் கிளம்பக் கூடாது.

மதுரையா, கொச்சியா?

வளைகுடா நாடுகளுக்குக் கொச்சியிலிருந்து விமானங்கள் மிகுதி. கொச்சியிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,790 கி.மீ.; மதுரையைவிட 160 கி.மீ. குறைவு. ஆகாயத்தில் இதனால் மிச்சமாவது பன்னிரண்டு நிமிஷம். கம்பத்திலிருந்து, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி நேர்கோட்டில் சுமார் 107 கி.மீ.தான், ஆனால் லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறி, இடுக்கியின் வளைவுகளைக் கடந்து போகும் சாலை ஏறத்தாழ 160 கி.மீ. ஐந்து மணிக்குக் குறையாமல் ஆகும். மதுரையைவிட இரண்டு மணி அதிகம். நேர் விமானம் கிடைத்து, இடையில் இறங்கி மாறும் சிரமம் நீங்குமானால் மட்டும் கொச்சியைத் தேர்ந்துகொள்ளுங்கள். அடைமழைக் காலத்தில் மண்சரிவினால் குமுளிப் பாதையை மூடி, கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதுண்டு. அந்த மாதங்களில் முந்தின நாளே மலையைத் தாண்டிவிடுவது நல்லது. மூடுபனியில் இரவு மலைப்பிரயாணம் அடியோடு வேண்டாம்.

இடையில் மாறும் விமானங்கள்

டொராண்டோவுக்குத் துபாய் வழியாகப் போனால் 2,950-உம், அங்கிருந்து சுமார் 11,080-உம் சேர்ந்து ஏறத்தாழ 14,000 கி.மீ. ஆகிறது. நூல் காட்டிய குறுகிய வழியைவிட நானூறு கி.மீ.க்குள்தான் அதிகம், ஆகவே இது நல்ல வழி. டிக்கெட் வாங்குமுன் ஒவ்வொரு வழிக்கும் இப்படிக் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றுவது எவ்வளவு சுற்றுவழி என்பது தெரிந்துவிடும்.

1. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியே வாங்கினால், முதலாவது தாமதமாகி இரண்டாவது தவறும்போது நஷ்டம் முழுவதும் உங்களுடையது.

2. மாறுவதற்கு மூன்று மணி நேரம் இருக்குமாறு பாருங்கள்.

3. காத்திருக்கும் நேரத்தையும் இந்திய நேரக் கணக்கிலேயே கூட்டுங்கள்.

உடலும் பெட்டியும்: சில எச்சரிக்கைகள்

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் கடிகாரம் மாறும்போது எந்த வேளை மருந்தை எப்படிப் போடுவது என்று புறப்படுமுன் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகளையும் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் இன்சுலின் கெடக்கூடும். நாலு மணிக்கு மேற்பட்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் காலில் இரத்தம் கட்டும் அபாயம் குறையும். கைக்குழந்தைக்கு விமானம் இறங்கத் தொடங்கியவுடன் பால் கொடுத்தால் காதுவலி தணியும்.

மசாலாப் பொட்டலங்களில் கசகசா இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாட்டிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். தாயார் அன்போடு அரைத்துக் கட்டிய குருமாப்பொடி மகனைக் காவலில் நிறுத்திவிடக்கூடும். தோப்புக்காரர் வீடுகளிலிருந்து கொப்பரைத் தேங்காய் கொடுத்தனுப்புவார்கள். அது தீப்பற்றக்கூடியது ஆதலால் விமானத்தில் ஏற்றுவதில்லை. நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் கூடா. பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் வைத்தால் திறக்கச் சொல்லி நேரம் போகும். சிங்கப்பூர் செல்பவர்கள் இறங்குவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, யாரேனும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

திரும்பும் பிரயாணம்

திரும்பும்போது கணக்கு தலைகீழாகும். சிங்கப்பூரிலிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பினால் இந்திய நேரம் 5:30; மதுரையில் 9:45-க்கு இறங்கி, சோதனைகள் முடித்து வெளியே வர 11 மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் கம்பத்துக்குக் கார் பிடித்து, களைத்த டிரைவரோடு கணவாயைக் கடப்பதைக் காட்டிலும், மதுரையில் ஒரு இரவு தங்கி, காலைப் பஸ்ஸிலோ ரயிலிலோ வருவதாக வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களும் வாசலில் விழித்திருக்க மாட்டார்கள்.